நாலாயிரம் அடியும் நல்ல அடிதான்

உடற்பயிற்சி பற்றி வந்த கேள்விகளை ஒன்றுசேர்த்து இந்த முறை பதில் எழுதுகிறேன். கேட்டவர்கள் வேறு வேறு ஊர்க்காரர்கள். கேள்விகள் மட்டும் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்கள்.

கேள்வி: கையில் கட்டியிருக்கும் கடிகாரம் தினமும் 10,000 அடி நடக்கச் சொல்கிறது. நான் 4,000 அடியைத் தாண்டினாலே பெரிய விஷயம். மிச்சக் கணக்கை நேர் செய்ய இரவு பதினொரு மணிக்கு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடக்கிறேன். வீட்டில் எல்லோரும் பயந்துபோயிருக்கிறார்கள். என்ன செய்யலாம்?
— துணிக்கடைக் கணக்கர், மதுரை

பதில்: பதினொரு மணிக்குப் படுத்துத் தூங்குங்கள். உங்களை விரட்டும் அந்தப் பத்தாயிரம், மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்ன எண் அல்ல. டோக்கியோவில் 1964-இல் ஒலிம்பிக் நடந்த சூட்டோடு, மறு ஆண்டே யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயரிலேயே பத்தாயிரம் இருந்தது. கேட்டதும் மனதில் நிற்கும் முழு எண் என்பதால் விற்பனைக்கு உதவியது. பிறகு உலகமே அதை விதி போலப் பிடித்துக்கொண்டது. உண்மையில் எத்தனை அடி வேண்டும் என்று அளந்து பார்த்தவர்களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஐ-மின் லீ முக்கியமானவர். சராசரி வயது 72 கொண்ட பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களுக்குக் கருவி கொடுத்து அளந்து, சில ஆண்டுகள் கவனித்து, அவரது குழு 2019-இல் முடிவை வெளியிட்டது. நாளுக்கு 2,700 அடி அளவில் நடந்தவர்களைவிட 4,400 அடி அளவில் நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிவரை பலன் கூடிக்கொண்டே போய், அதற்கு மேல் சமநிலைக்கு வந்துவிட்டது. இளவயதினருக்கு அந்த எல்லை இன்னும் கொஞ்சம் மேலே இருக்கும் என்கின்றன பிந்தைய ஆய்வுகள்.

இந்தக் கணக்கில் பெரிய லாபம் எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள். எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குப் போகிறவருக்கு அல்ல. ஒன்றுமே செய்யாமல் இருந்து, கொஞ்சம் செய்யத் தொடங்குகிறவருக்கு. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தன் பரிந்துரையைத் திருத்தியபோது, பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையைக் கைவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் என்ற இலக்கு இருக்கிறது. ஆனால் அதை எட்ட முடியாதவர் செய்கிற கொஞ்சமும் வீணாகாது என்று அதே பரிந்துரை தெளிவாகச் சொல்கிறது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு ஒன்றுதான். உங்களுக்குப் பொருத்தமான பயிற்சி எதுவென்றால், அடுத்த ஆண்டு இதே மாதத்திலும் நீங்கள் விடாமல் செய்துகொண்டிருக்கப்போகும் பயிற்சி. கடைக்கு இரண்டு நிறுத்தம் முன்னதாகவே பஸ்ஸிலிருந்து இறங்கி நடங்கள். நாலாயிரம் ஐயாயிரமாகட்டும். அது பழகியபின் ஆறைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: என் தாத்தா ஒரு நாள்கூட உடற்பயிற்சி செய்ததில்லை. 92 வயதுவரை ராஜா மாதிரி இருந்தார். எல்லாம் பரம்பரை. இந்த ஓட்டமும் நடையும் எதற்கு?
— உரக்கடை உரிமையாளர், கும்பகோணம்

பதில்: பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தாத்தாவின் நாள் எப்படிப் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வயலுக்கு நடந்திருப்பார், கிணற்றில் நீர் இறைத்திருப்பார், தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கையூன்றாமல் எழுந்திருப்பார். உடற்பயிற்சி என்று பெயர் வைக்காமலே உடம்பு உழைத்தது. பேரனுக்குக் கல்லாப்பெட்டியும் பைக்கும் வந்தபின் அந்த உழைப்பு எங்கே போனது? இந்தக் கேள்வியை முதன்முதலில் ஒழுங்காகக் கேட்டவர் ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். லண்டன் மாடி பஸ்ஸில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரு வேலைநாளில் ஐந்நூறு முதல் எழுநூற்றைம்பது படிகள். அதே பஸ், அதே ஊர், ஏறத்தாழ அதே மாதிரியான குடும்பங்கள். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, அது வந்தாலும் டிரைவர்கள் அளவுக்கு உயிரைப் பறிப்பதில்லை என்று 1953-இல் லான்செட் இதழில் மாரிஸ் எழுதினார்.

குண்டாக இருப்பவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போயிருப்பார்கள், அதனால் வந்த வித்தியாசம் இது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல ஆட்சேபம்; மாரிஸுக்கே அது தோன்றியது. நிறுவனம் ஊழியர்களுக்குத் தைத்துக்கொடுத்த சீருடையின் இடுப்பளவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு பெருத்துத்தான் இருந்தது. ஆனால் இடுப்பளவு ஒன்றாக உள்ளவர்களை மட்டும் ஒப்பிட்டபோதும் கண்டக்டர்களே மேலாக இருந்தார்கள். தபால் துறையிலும் இதே கதை: கடிதம் சுமந்து நடந்தவர்கள், மேசையில் உட்கார்ந்திருந்தவர்களைவிடத் தப்பித்தார்கள். மாரிஸ் தானும் விடாமல் உடலை இயக்கிக்கொண்டிருந்தார். 2009-இல் இறந்தபோது வயது 99. உங்கள் தாத்தாவுக்கும் மேல்.

கேள்வி: காலை ஐந்து மணிக்கு வாசல் தெளிப்பதில் தொடங்கி, இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும்வரை உட்கார நேரமில்லை. "நீயும் வாக்கிங் போயேன்" என்கிறார் என் வீட்டுக்காரர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே. இது நியாயமா?
— இல்லத்தரசி, ஈரோடு

பதில்: நியாயமே இல்லை. அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அரை மணி நேரம் அடுப்படியைப் பார்த்துக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு அவர் சொல்லும் யோசனைக்கு மதிப்பு வரும். ஆனால் அவர் சொல்லும் முறைதான் தவறு, விஷயம் தவறல்ல. வீட்டு வேலை உழைப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் அதை உடலியக்கக் கணக்கில் சேர்க்கிறது. அப்படிச் சேர்த்த பிறகும், 2022-ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்று கணக்கு வந்தது. ஆண்களில் 42 சதவீதம். காலைமுதல் இரவுவரை ஓய்வில்லாதவர்கள் இந்தப் பட்டியலில் ஏன் முன்னால் நிற்கிறார்கள்? களைப்பு வேறு, பயிற்சி வேறு என்பதால். மணிக்கணக்கில் நின்று தோசை வார்த்தால் கால் கடுக்கும். ஆனால் நெஞ்சு வேகமாக அடிக்காது, மூச்சு வாங்காது, எலும்பின்மேல் பாரம் ஏறாது. அம்மியும் ஆட்டுக்கல்லும் போய் மிக்ஸியும் கிரைண்டரும் வந்தது பெண்களுக்குக் கிடைத்த விடுதலை. அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அந்தக் கருவிகள் தசைக்கு இருந்த வேலையை எடுத்துக்கொண்டன. மிச்சமான நேரத்தை மட்டும் வேறு வேலைகள் வந்து பிடுங்கிக்கொண்டன.

மிதமான வேகம் எது என்று கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகத்தில் பத்துப் பத்து நிமிடமாகச் சேர்த்தாலும் போதும். நாளில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று வரும் கடுமையான இயக்கத்துக்குக்கூட மதிப்பு உண்டு. தனியாக உடற்பயிற்சி எதுவும் செய்யாத 25,000 பிரிட்டானியர்களின் மணிக்கட்டில் கருவி கட்டி ஆராய்ந்த முடிவு 2022-இல் வெளிவந்தது. நாளுக்கு மூன்று முறை அப்படி மூச்சு வாங்க இயங்கியவர்களிடம் இறப்பு விகிதம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு. ஆரோக்கியமானவர்களால்தான் அப்படி இயங்க முடிந்தது என்றும் இதை விளக்கலாம் என்பதால், முழு எண்ணையும் நான் நம்பச் சொல்லமாட்டேன், திசையை நம்பலாம். ஈரத்துணி வாளியோடு மொட்டை மாடிக்கு ஏறுகிறீர்களே, அதை நிற்காமல் விறுவிறுவென்று ஏறுங்கள். அது வேலையாகவும் இருக்கும், பயிற்சியாகவும் இருக்கும். அதற்கும் மேலாக, உங்களுக்கே உங்களுக்கென்று அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். இதில் உடம்பு மட்டும் சம்பந்தப்படவில்லை.

கேள்வி: வயது 71. டாக்டர் நடக்கச் சொல்கிறார், முட்டி உட்காரச் சொல்கிறது. யார் பேச்சைக் கேட்பது?
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தென்காசி

பதில்: இருவர் பேச்சையும் கேட்கலாம், உட்கார்ந்து எழுந்திருங்கள் ஐயா. முட்டி வலித்தால் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது இயல்பாக வரும் எண்ணம். ஆனால் மூட்டுக் குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. அழுத்தும்போது நீரை விட்டு, விடும்போது நீரை உறிஞ்சும் பஞ்சு போல, அசைவின் மூலமாகத்தான் அது ஊட்டம் பெறுகிறது. அசைவு நின்றால் ஊட்டமும் குறையும், முட்டியைத் தாங்க வேண்டிய தொடைத்தசை இளைக்கும், பாரமெல்லாம் மூட்டின் தலையில் விழும், வலி கூடும், வலி கூடியதால் இன்னும் உட்காருவோம். ஓய்வு உடம்பை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் டல்லாஸில் 1966-இல் நடந்த ஒரு பரிசோதனை சாட்சி. இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரை மறுபடி அளந்தபோது ஒன்று தெரிந்தது: முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம்.

இந்த வயதில் தசை வளருமா என்று கேட்பீர்கள். பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில், சராசரி வயது 90 கொண்ட பத்துப் பேருக்கு மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் எட்டு வாரம் கால்தசைப் பயிற்சி கொடுத்தார். 1990-இல் வெளியான அந்த ஆய்வில் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. இருவர் கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டார்கள். நீங்கள் செய்ய வேண்டியது இது. உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போட்டு, அதன் முன்விளிம்பில் உட்காருங்கள். பாதங்கள் முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கட்டும். உடம்பை முன்னால் சாய்த்து, முடிந்தால் கையூன்றாமல், எழுந்து நில்லுங்கள். திரும்ப உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணியபடி மெல்ல இறங்குங்கள். தசைக்குப் பெரிய வேலை அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. முட்டி முரண்டு பிடித்தால் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஐந்து முறையில் தொடங்கலாம். செய்யும்போது லேசாக வலித்து, சற்று நேரத்தில் அடங்கினால் தொடரலாம். மறுநாள் காலைவரை வலி நின்றால் அளவைக் குறையுங்கள். முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ, பூட்டிக்கொண்டாலோ முதலில் டாக்டரிடம் போக வேண்டும். வீட்டை விட்டு வெளியே வர இயலாதவர்களுக்கு, தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வரும் ஏற்பாடு 2021 முதல் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

கேள்வி: மூன்று மாதமாக விடாமல் நடக்கிறேன். எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை. நடந்தது தண்டம்தானே?
— வங்கி ஊழியர், சேலம்

பதில்: எடை பார்க்கும் இயந்திரத்தைத் தீர்ப்பு சொல்ல உட்காரவைத்ததுதான் பிழை. அரை மணி நேர நடையில் செலவாவது ஏறத்தாழ 100 முதல் 150 கலோரி. திரும்பும் வழியில் ஒரு மெதுவடை அதை ஈடுகட்டிவிடும். எடையைக் குறைப்பதில் சாப்பாட்டுக்குத்தான் பெரிய பங்கு. ஆனால் நடையின் பலன் எடையோடு முடியவில்லை. இதற்குச் சான்று தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை, சென்னையிலேயே இருக்கிறது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு, யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். மூன்றாண்டில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 39 சதவீதத்தோடு நின்றது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த குழுவிலும் ஏறத்தாழ அதே அளவுதான். நோய் விலகியவர்களுக்கு எடை பெரிதாக இறங்கியிருக்கவில்லை என்பதுதான் 2006-இல் வந்த அந்த முடிவில் உங்களுக்கான செய்தி. சுருங்கி விரியும் தசை, இன்சுலின் வந்து கதவைத் திறக்கும்வரை காத்திராமல் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். இயந்திரத்தின் முள் இதைக் காட்டாது. அடுத்த முறை ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பாருங்கள், இடுப்புப் பட்டையின் துளையைப் பாருங்கள். மாடி ஏறும்போது முன்போல் மூச்சு வாங்குகிறதா என்றும் கவனியுங்கள்.

கும்பகோணத்து நண்பரும் இதைப் படிக்க வேண்டும். பஸ் ஆய்வில் ஆட்களை யாரும் பிரித்து வைக்கவில்லை, அவர்களாகவே வேலையைத் தேர்ந்தார்கள் என்று குறை சொல்லலாம். குலுக்கிப் பிரித்த சென்னை ஆய்வில் அந்தக் குறைக்கு இடமில்லை.

கேள்வி: ஜிம்முக்கு ஓராண்டுப் பணம் கட்டினேன். இரண்டு வாரம் போனேன். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தான் வேலை. எனக்கு எந்தப் பயிற்சி சிறந்தது என்று ஒரே வரியில் சொல்லுங்கள்.
— மென்பொருள் பொறியாளர், பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை

பதில்: ஒரே வரியில் சொன்னால் அதுவும் இரண்டு வாரம்தான் தாங்கும். ஜிம் நல்ல இடம். உங்கள் நாளோடு அது ஒட்டவில்லை, அவ்வளவுதான். மன உறுதி இல்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். சென்னைத் திருமங்கலத்தை ஒட்டிய ஏசியாட் காலனியில், மருத்துவர் வி. மோகன் குழுவினர் சர்க்கரை நோய் பற்றிப் பேசிய பிறகு, குடியிருப்புவாசிகள் தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்கா அமைத்தார்கள். முன்பு அங்கே வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் ஏழு பேருக்கு ஒருவர். பிறகு எடுத்த கணக்கில் பத்துக்கு ஆறு பேரை நெருங்கியது. திடீரென்று அத்தனை பேருக்கும் மன உறுதி முளைத்திருக்காது. நடக்கிற இடம் வீட்டு வாசலுக்கு வந்தது, பக்கத்து வீட்டுக்காரர் கூட வந்தார். ஆகவே பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது எது அதிகக் கலோரி எரிக்கும் என்று பார்க்காதீர்கள். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் எது கிடைக்கிறது, யார் கூட வருவார்கள், எதைச் செய்தால் நேரம் போவது தெரியாது என்று பாருங்கள். பள்ளியில் இறகுப்பந்து ஆடியவர் அதற்கே திரும்பட்டும். சிலம்பம் கற்க ஆசையிருந்தால் வயதைப் பார்க்காமல் கம்பை எடுங்கள். ஆட்டம் பிடித்தவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம் குத்துப்பாட்டுக்கு ஆடினாலும் இதயம் அதை மறுக்காது. கால்மூட்டு ஒத்துழைக்காதவருக்கு நீச்சலும் சைக்கிளும் இருக்கின்றன.

பிடித்ததை மட்டும் செய்தால் போதுமா என்றால், போதாது. இந்த இடத்தில் என் வாதத்துக்கு நானே ஒரு வரம்பு போட வேண்டும். தசைக்குச் சுமை வேண்டும். வாரம் இரண்டு நாளாவது கால், முதுகு, மார்பு, கை எல்லாம் உழைக்கும்படி தண்டால், பஸ்கி அல்லது எடை தூக்கும் பயிற்சி செய்யுங்கள். தரையில் தண்டால் எடுக்க முடியாதவர் சுவரில் கையூன்றி எடுக்கலாம். இன்னொன்று, எட்டு மணி நேரம் உட்காருகிறவரின் கணக்கு கொஞ்சம் கடினம். பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவை ஒன்றுசேர்த்து 2016-இல் லான்செட்டில் வந்த ஆய்வு, அவ்வளவு நேரம் உட்காருவதன் கேட்டை முற்றிலும் ஈடுகட்ட நாளுக்கு 60 முதல் 75 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்றது. அவ்வளவு முடியாதென்றால் உட்காரும் நேரத்தைக் கிழித்துப் போடுங்கள். போன் வந்தால் எழுந்து நடந்து பேசுங்கள். நாலாவது மாடிக்கு லிஃப்டை மறந்துவிடுங்கள்.

கேள்வி: யோகா மட்டும் போதுமா?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: உடல் வளையவும், சமநிலைக்கும், மனம் அடங்கவும் யோகா நல்லது. மெதுவான ஆசனங்கள் இதயத்தை அதிகம் விரட்டுவதில்லை. வேகமான சூரிய நமஸ்காரம் ஓரளவு விரட்டும். அதோடு சைக்கிளிலோ நடந்தோ கல்லூரிக்குப் போனால் குறை தீரும்.

கேள்வி: உடற்பயிற்சி செய்யும்போதே இளைஞர்கள் சுருண்டு விழும் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. சும்மா இருப்பதே பாதுகாப்பு என்று என் அம்மா சொல்கிறார்.
— வாகன உதிரிபாகக் கடைக்காரர், திருச்சி

பதில்: அம்மாவின் பயத்தில் உண்மை இருக்கிறது, அதற்கு அவர் சொல்லும் வைத்தியம்தான் தலைகீழ். கடும் உழைப்புக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு தற்காலிகமாகக் கூடும் என்பது 1993-இல் அமெரிக்காவில் நிறுவப்பட்டது. ஆனால் யாருக்கு எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வாரம் ஒரு முறைகூடக் கடுமையாக உழைக்காதவர்களுக்கு அது 107 மடங்கு. வாரம் ஐந்து முறையோ அதற்கு மேலோ உழைக்கிறவர்களுக்கு 2.4 மடங்கு. சும்மா இருந்த உடம்பு திடீரென்று ஒரு நாள் கிரிக்கெட் பந்தைத் துரத்துவதுதான் ஆபத்து. படிப்படியாக ஏற்றிய உழைப்பு அந்த ஆபத்தைக் குறைக்கும் மருந்து. நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தாலோ, சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருந்தாலோ, கடும் பயிற்சிக்கு முன் டாக்டரைப் பாருங்கள். சாதாரண நடைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: காலை நடை நல்லதா, மாலை நடை நல்லதா? எங்கள் தெருவில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள்.
— மருந்துக்கடைக்காரர், நாகர்கோவில்

பதில்: இரண்டு கட்சியும் நடக்கிறதல்லவா, ஜெயித்தவர்கள் அவர்கள்தான். வெயில் காலத்தில் ஒன்பது மணி முதல் நாலரை மணிவரை மட்டும் வெளியே வேண்டாம். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு மூன்றாவது கட்சி ஒன்றும் இருக்கிறது. சர்க்கரை கூடும் நிலையிலிருந்த முதியவர்களிடம் 2013-இல் நடந்த ஒரு சிறிய ஆய்வில், மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் பதினைந்து பதினைந்து நிமிடம் நடந்தது, காலையில் ஒரே மூச்சில் நாற்பத்தைந்து நிமிடம் நடந்ததற்கு ஈடாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அடக்குவதில் அதைவிட மேலாகவும் இருந்தது. எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு எட்டே காலுக்குத் தெருமுனைவரை போய்வர இரண்டு கட்சியையும் சேர்த்தே அழையுங்கள்.